கிழக்கின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமரட்டும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே காத்தான்குடியும் ஆரையம்பதியும் அடுத்தடுத்த ஊர்கள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பேசுவது தமிழ். படிப்பது ஒரே பாடத்திட்டம். எழுதுவது ஒரே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. ஆனாலும் ஒருவர் முஸ்லிம் பாடசாலைக்கும் மற்றவர் தமிழ்ப் பாடசாலைக்கும் போகிறார்கள். நோன்பு காலத்தை ஒட்டி முஸ்லிம் பாடசாலைகளின் தவணை விடுமுறையும் வேறாக இருப்பதால், ஓய்வு நாட்களில்கூட அவர்கள் சேர்ந்து விளையாட வாய்ப்புக் குறைவு. சிங்களப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருத்துவதற்கு மொழி நியாயமான தடை; தாய்மொழிக் கல்வி எமது உரிமை, அதை விட்டுக்கொடுக்க முடியாது. தமிழ் பேசும் இரு சமூகங்களுக்கிடையில் அந்தத் தடை இல்லை. இன நல்லிணக்கத்தை இளையவர்களுக்குக் கற்பிக்க கல்வி அமைச்சு மெய்யாகவே விரும்பினால், கிழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கொள்கைகளுக்கு இந்நாட்டில் குறைவில்லை. சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கை 2008இல் வந்தது. மாணவர்கள் ஒருவர் மொழியை மற்றவர் கட்டாயம் கற்க வேண்டுமென நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. மும்மொழித் திட்டம் 2012இல் அப்துல் கலாம் முன்னிலையில் பத்தாண்டு இலக்கோடு ஆரம்பித்து வைக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டும் கழிந்துவிட்டது. வகுப்பறைவரை வந்து சேர்ந்ததோ குடியியல் நூலில் சில பக்கங்களும், ஒருநாள் முகாம்களும், கலை நிகழ்ச்சிகளும்தான். வெறுமனே சந்தித்துக்கொள்வதால் மட்டும் தப்பெண்ணம் கரையாது என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். இரு தரப்புக்கும் சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, அதிகாரத்தில் இருப்போரின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்பது அவர் முடிவு. 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த ஆய்வும், பழகுவது தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்பதையும், இந்த நிலைமைகள் அமைந்தால் பலன் கூடுகிறது என்பதையும் உறுதிசெய்தது.

ஒரே கட்டடம் போதும் என்று நினைப்பவர்கள் பொஸ்னியாவைப் பார்க்க வேண்டும். போருக்குப் பின் அங்கே பொஸ்னியாக், குரோஷியப் பிள்ளைகளுக்கு ‘ஒரே கூரையின் கீழ் இரு பள்ளிகள்’ ஏற்படுத்தப்பட்டன. ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகப் புரியும். இருந்தும் பாடத்திட்டம் வேறு, ஆசிரியர் வேறு, பல இடங்களில் வாசலும் வேறு. யாய்ட்சே நகரில் மேலும் ஒரு பள்ளியை இப்படிப் பிரிக்க முயன்றபோது மாணவர்களே வீதியில் இறங்கினார்கள். 2017இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பெரியவர்கள் போட்ட கோட்டைப் பதின்ம வயதினர் ஏற்க மறுத்தது, இளையோர் சேர்ந்து படிக்க விரும்பமாட்டார்கள் என்ற சாட்டுக்குப் போதிய பதில்.

ஆனால் பழைய புண்ணைக் கிளறலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பாடசாலை இவற்றைப் பேசாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடாது. வீட்டில் கேட்டு வளர்கிறார்கள், தத்தம் இழப்பை மட்டும். காத்தான்குடிப் பிள்ளைக்கு வீரமுனையும் தமிழ்ப் பிள்ளைக்குக் காத்தான்குடியும் தெரியவேண்டும். எங்கள் பக்கத்தாரும் கொன்றார்கள், விரட்டினார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தமிழ்ச் சமூகம் தயங்கக்கூடாது. அந்தத் தயக்கத்தோடு நடத்தப்படும் சமாதானக் கல்வியை அடுத்த ஊரார் நம்பமாட்டார்கள்.

முஸ்லிம் பெற்றோரின் அச்சம் இன்னும் கனமானது. மார்க்கச் சூழல், பெண்பிள்ளைகளின் உடை, தொழுகை நேரம் எல்லாம் கலப்புப் பாடசாலையில் என்னவாகும் என்று கேட்கிறார்கள். திருகோணமலைப் பாடசாலையொன்றில் 2018இல் ஆசிரியைகளின் அபாயா தொடர்பாக எழுந்த சர்ச்சை அந்த அச்சத்தை வளர்த்தது. ஒரு சமூகம் வீட்டுக்காரராகவும் மற்றது விருந்தாளியாகவும் இருக்கும் இடத்தில் இது நடக்கவே செய்யும். ஆல்போர்ட் சம அந்தஸ்தை வலியுறுத்தியதன் காரணமும் இதுவே. பாடசாலைகளை ஒரேயடியாக ஒன்றாக்கும்படி நாம் கேட்கவில்லை. வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க 1981இல் 28 மாணவரோடு லாகன் கல்லூரி தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இத்தகைய பள்ளிகளில் பத்தில் ஒரு பங்குப் பிள்ளைகள்கூட இல்லை. இதற்கிடையில் அங்கே தனித்தனிப் பள்ளிகளை வைத்துக்கொண்டே சில பாடங்களைச் சேர்ந்து படிக்கும் முறைக்கு 2016இல் சட்டம் இயற்றினார்கள்.

கிழக்குக்குப் பொருந்தக்கூடியது அந்த முறை. உயர்தர பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாமல் தவிக்கும் பாடசாலைகள் இரு பக்கமும் உண்டு. அயலூர்ப் பாடசாலைகள் இரண்டுக்கு ஓர் ஆசிரியரை நியமித்து, ஒரு தவணை இங்கும் மறு தவணை அங்கும் வகுப்பு நடத்தலாம். எந்தப் பாடசாலையும் நிரந்தர விருந்தாளியாக இராது. பல்கலைக்கழக அனுமதி என்ற பொது இலக்கு இருக்கும்போது பெற்றோரும் இணங்குவார்கள். உடை, தொழுகை, விழா நாட்கள் பற்றிய விதிகளை வகுப்புத் தொடங்குமுன் இரு பாடசாலைகளின் அதிபர்களும் பெற்றோரும் கூடி எழுத வேண்டும். பெரும்பான்மைவாத அரசின் பாரபட்சத்தை விட்டுவிட்டு இதைப் பேசுவதா என்ற கேள்வி எழும். அந்தப் பாரபட்சத்தை எதிர்க்கத் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நிற்க முடியாமல் போனதில் இந்தப் பிரிவினைக்கும் பங்குண்டு. அடுத்த கல்வியாண்டிலேயே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சில சோடிப் பாடசாலைகளிலேனும் இதைத் தொடங்க மாகாணக் கல்வித் திணைக்களம் முன்வர வேண்டும். அதற்குப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் வெளிப்படையாக ஆதரவு தரவேண்டும்.