ஒரு டோலோ போட்டுக்கொண்டு ஏறிவிடலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் போன் செய்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம். துபாயில் இருக்கும் மகன் அதற்காகக் கிளம்ப வேண்டும். கிளம்பும் நேரத்தில் அவனுக்குக் காய்ச்சலும் இருமலும். "ஒரு டோலோ போட்டுட்டு ஏறச் சொல்லிட்டேன் டீச்சர். இப்பதான் ஏர்போர்ட்ல ஒண்ணும் செக் பண்றதில்லையே. சரிதானே?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் இதே காரியத்தை நானே செய்திருக்கிறேன். அதுவும் கொரோனா காலத்தில்.

2021 மார்ச் மாதம். ஐதராபாத்தில் இருக்கும் மகள் வீட்டில் பேரனுக்குக் காது குத்து. ஒரு வருடத்துக்கு மேல் அவனைப் போனில்தான் பார்த்திருந்தேன். அறுபது தாண்டியவர்களுக்கு மார்ச் 1ஆம் தேதிதான் தடுப்பூசி ஆரம்பித்திருந்தார்கள். திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் கணவருக்கு முழங்கால் வலி, அவர் வரவில்லை. கிளம்புவதற்கு முந்தின இரவு உடம்பு கதகதவென்று இருந்தது. தெர்மாமீட்டர் 100.4 காட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு மாத்திரை போட்டேன். பையில் இன்னொன்று வைத்துக்கொண்டேன்.

கால் டாக்ஸி திருமுல்லைவாயிலில் இருந்து அம்பத்தூர் தாண்டி, மதுரவாயல் பைபாஸ் ஏறும்போது லேசாக வியர்த்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருந்தது. விமான நிலைய வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்கள். 97 சொச்சம். "போங்கம்மா." வெப் செக்-இன் செய்தபோது காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் எதுவும் இல்லை என்று உறுதிமொழிக்கு டிக் அடித்தாயிற்று. முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்தியவள் நான்.

எனக்கு நடு இருக்கை. அந்தக் காலத்தில் விமானத்தில் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். 2020 மே 25இல் உள்நாட்டு விமானங்கள் திரும்ப ஓடத் தொடங்கிய சமயத்தில், நடு இருக்கையைக் காலியாக விட வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முடிந்தவரை காலியாக விடுங்கள், முடியாவிட்டால் அங்கே உட்காருபவருக்கு ஒரு அங்கி கொடுங்கள் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொன்னது. எனக்கும் வெள்ளை அங்கி, மாஸ்க், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு. என் இடப்பக்கம் என்னைவிட வயதான ஒரு அம்மா. பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் பயணமாம். பெல்ட் போடத் தெரியவில்லை. நான்தான் குனிந்து போட்டுவிட்டேன். "நல்லா இரும்மா" என்றார்.

மூன்றாம் நாள் காலை காப்பியில் வாசனை இல்லை. பரிசோதனையில் பாசிட்டிவ். சுகாதாரத் துறையிலிருந்து மகளின் போனுக்கு அழைத்தார்கள். அவர்கள் தெலுங்கில் கேட்க, மகள் என் பக்கம் திரும்பி, "அம்மா, எப்பலேர்ந்து காய்ச்சல்னு கேக்கறாங்க" என்றாள். "நேத்துதான்" என்றேன். நான் வந்த விமானம் எது என்ற கேள்விக்கே அத்தோடு இடமில்லாமல் போயிற்று. இதை என் மகள் இந்தப் பதிவில்தான் முதன்முதலாகப் படிக்கப் போகிறாள்.

மாப்பிள்ளைக்கும் வந்தது, ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. தள்ளிப் போடவே முடியாது என்று நான் நினைத்துக்கொண்டு ஓடிய காது குத்து, மகள் செய்த நாலைந்து போன்களில் தள்ளிப் போனது. அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று? தெரியாது. பெயர்கூடக் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை!

விமானக் காற்று ரொம்ப மோசம் என்று நாம் நினைப்பது அவ்வளவு சரியில்லை. பெரிய விமானங்களில் காற்று மணிக்கு 20, 30 தடவை மாறுகிறது. சுமார் பாதி வெளிக்காற்று. மீதி, ஹெப்பா என்ற வடிகட்டி வழியாகப் போய்த் திரும்பி வருவது. அந்த வடிகட்டி நுண்துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். காற்று மேலிருந்து இறங்கி அந்தந்த வரிசையின் கீழேயே வெளியேறுகிறது. நம் பள்ளி வகுப்பறைகளில், கல்யாண மண்டபங்களில் இந்த வசதி ஏது? ஆனால் வடிகட்டிக்குப் போய்ச் சேரும் முன்பே என் மூச்சு பக்கத்து இருக்கைக்குப் போய்விடுகிறது. அங்கே எந்த இயந்திரமும் உதவிக்கு வராது.

2020 மார்ச் 1ஆம் தேதி லண்டனிலிருந்து ஹனோய்க்குக் கிளம்பிய விமானத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. பிசினஸ் வகுப்பில் வந்த ஒரு பெண்ணுக்கு ஏறும் முன்பே தொண்டை வலியும் இருமலும் இருந்தன. மாஸ்க் கட்டாயமில்லாத நேரம். பத்து மணி நேரப் பயணம். அவரைத் தவிர 15 பேருக்குத் தொற்று, அதில் 12 பேர் அதே பிசினஸ் வகுப்பில் இருந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் துபாயிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து போன விமானத்திலும் பரவியது. ஏறும் முன் பரிசோதித்து 'இல்லை' என்று சீட்டு வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள். நடுவில் எரிபொருள் நிரப்ப நின்றபோது சுமார் அரை மணி நேரம், காற்றோட்டத்துக்கு மின்சாரம் தரும் துணை இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார்களாம்.

அதனால் நான் இப்போது செய்வது: விமானம் தரையில் நிற்கும்போதுதான் மாஸ்க்கில் ரொம்பக் கவனம். தலைக்கு மேல் இருக்கும் காற்றுக் குமிழைத் திறந்து வைப்பேன். பக்கத்தில் இருப்பவர் சாப்பிடும்போது நான் மாஸ்க்கைக் கழற்ற மாட்டேன். அவர் முடித்து மூடிய பிறகு சாப்பிடுவேன். இறங்கியதும் எல்லோரும் எழுந்து நடைபாதையில் முட்டிக்கொண்டு நிற்பார்களே, அப்போது உட்கார்ந்தே இருப்பேன். கதவு எப்படியும் திறக்கத்தானே போகிறது.

ஆனால் இதெல்லாம் மற்றவரிடமிருந்து நம்மைக் காப்பாற்றிக்கொள்ள. நம்மிடமிருந்து மற்றவரைக் காப்பாற்றுவது ஒரே இடத்தில்தான் முடியும், வீட்டில். நெற்றிக்கு நீட்டும் கருவி தோலின் சூட்டை மட்டும் பார்க்கிறது. அதை ஏமாற்ற ஒரு மாத்திரை போதும் என்று நான் நிரூபித்துக் காட்டியிருக்கிறேன்.

ஏன் ஏமாற்றுகிறோம்? டிக்கெட் காசு ஒரு காரணம். என் கருத்தில் அது சின்னக் காரணம். பெரிய காரணம் விசேஷம். "நீ வராம எப்படி?" என்ற ஒரு வார்த்தை. 2021 மே 23 நினைவிருக்கிறதா? மறுநாள் முதல் தளர்வில்லா ஊரடங்கு. மதுரையில் ஒரு குடும்பம் தனி விமானம் எடுத்து, உறவினர்களை ஏற்றி, வானத்தில் வைத்துத் தாலி கட்டியது. மாஸ்க் இல்லாமல் நெருக்கியடித்து நின்ற வீடியோவை நாடே பார்த்தது. விசாரணை வந்தது, பாவம், விமானப் பணியாளர்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர்களைத் திட்டி நானும் அப்போது பதிவு போட்டேன். இரண்டு மாதம் முன்பு நான் செய்ததை வசதியாக மறந்துவிட்டுத்தான்.

காய்ச்சல்காரர் தானாக "நான் வரவில்லை" என்று சொல்லமாட்டார். சொன்னால் பாசம் இல்லாதவர் ஆகிவிடுவார். கூப்பிடுகிறவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் வராதே, நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம் என்று. அழைக்கும்போதே சொல்ல வேண்டும், அவன் டிக்கெட் போட்ட பிறகு அல்ல. என் மகள் அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேனா? நின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

விமானத்தில் மாஸ்க் கட்டாயமில்லை, அணிவது நல்லது என்று 2022 நவம்பரில் அரசு சொல்லிவிட்டது. சரிதான். எல்லாக் காலத்துக்கும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பைபாஸ் ஆன அம்மாக்கள் இப்போதும் பயணம் செய்கிறார்கள். அவர்களுக்குச் சாதாரண ஃப்ளூ காய்ச்சலும் சாதாரணமில்லை.

பக்கத்துத் தெருக்காரரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பையன்கிட்ட நான் பேசட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். நம்பர் கொடுத்தார். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். குரலே கம்மியிருந்தது. "எனக்கு எழுந்து நிக்கவே முடியல டீச்சர். அண்ணன் வரலேன்னா மாப்பிள்ளை வீட்ல என்ன நினைப்பாங்கன்னு அப்பா சொல்றார்" என்றான். "நீ படு. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அவன் வீடியோவில் பார்த்தான். தங்கை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டு மாற்றுவதைக் காட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் நினைத்த மாதிரி தெரியவில்லை. அவன் அப்பா மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. நேற்று பால் வாங்கப் போனபோது எதிரே வந்தவர், பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.