வால்வு ஆம்ப்ளிபயரும் பழுதாராய்ச்சியும்

பழுதுற்ற கருவியில் ஓர் உறுப்பை மாற்றுதல் வேறு. பழுதின் காரணத்தைக் கண்டறிதல் வேறு. முன்னையது கையிற் பொருளுடையார் எவர்க்கும் எளிது. பின்னையது பொறுமையுடையார்க்கே கைகூடும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இக்காலத்து நம்மிடையே மிகுந்துள்ளது. ஹெட்போனில் இசை கேட்டற்கென வீட்டில் வைத்துக்கொள்ளும் வால்வு ஆம்ப்ளிபயரைச் சான்றாகக் கொண்டு இம்மயக்கத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வால்வு பழங்காலத்துப் பொருளன்றோ எனச் சிலர் வினவுவர். பிளெமிங் என்பார் 1904-இல் இருமுனை வால்வைக் கண்டார். 1947-இல் டிரான்சிஸ்டர் தோன்றிய பின்னர் வால்வு பெரும்பாலான கருவிகளினின்றும் நீங்கிற்று. ஆயினும் இசையன்பர் பலர் அதனைக் கைவிட்டிலர். புதிய வால்வுகள் இன்றும் செய்யப்படுகின்றன. அதன் ஒலி இனிதோ அன்றோ என்னும் வழக்கில் யாம் தலையிடவில்லை. எமது வினா, அது பழுதுற்றவிடத்து நாம் செய்யத்தக்கது யாது என்பதே.

ஒலி குறைந்தாலும் இரைச்சல் எழுந்தாலும் உடனே புதிய வால்வு வாங்கிப் பொருத்துவதே பலர் வழக்கம். வால்வு வெளியே நிற்கிறது, செவ்வொளி வீசுகிறது, கையால் எளிதிற் கழல்கிறது. கண்ணுக்குத் தெரிவதையே குற்றவாளியாகக் கொள்ளுதல் மாந்தர் இயல்பு. தமிழ் பயிலும் நமக்கு இதன் பிழை எளிதில் விளங்கும். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிய பின்னரே பாடம் துணிந்தார். ஒப்புநோக்காது பாடத்தைத் திருத்துவோனும் அளந்து பாராது வால்வை மாற்றுவோனும் ஓரினத்தவரே.

பெட்டியைத் திறவாமலே பழுதுகளுட் பலவற்றின் இருப்பிடத்தை அறியலாம். ஒரு காதில் ஒலி இல்லையெனின், கருவியை நிறுத்திவிட்டு, பாடும் கருவியினின்று வரும் இடவலக் கம்பிகளை ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் மாற்றிச் செருகுக. மௌனம் மற்றைக் காதிற்கு மாறுமாயின், குறை ஆம்ப்ளிபயருக்கு முன்னே உள்ளது. மாறாதாயின் ஆம்ப்ளிபயரிலோ ஹெட்போனிலோ உள்ளது. வேறொரு ஹெட்போனைச் செருகிக் கேட்பின் அவ்வையமும் தீரும். இத்துணைக்கும் ஒரு காசும் செலவில்லை.

இரைச்சலும் தன் பிறப்பிடத்தைத் தானே கூறும். ஒலியளவுத் திருகைத் திருப்புங்கால் இரைச்சல் கூடிக் குறையுமாயின், அது திருகுக்கு முன்னே புகுந்தது. மாறாது நிற்குமாயின் பின்னே புகுந்தது. அதன் சுருதியையும் நோக்கல் வேண்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அச்சுருதியிலேயே முரலும் இரைச்சல் பெரும்பாலும் பூமித் தொடர்பின் குறையாலோ கம்பிகள் மின்காந்தத்தைப் பற்றுதலாலோ வருவது. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, நொடிக்கு 100 அதிர்வுடைய இரைச்சலாயின், நேர்மின்சாரத்தைச் சமன்செய்யும் கெப்பாசிட்டர் தளர்ந்ததென ஐயுறலாம். சங்கீதப் பயிற்சி உடையார்க்கு இவ்வேறுபாடு செவிக்கே புலனாகும்.

திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு எழுமாயின் திருகின் உள்ளே அழுக்குச் சேர்ந்தது. மரப் பென்சிலால் வால்வை மெல்லத் தட்டுங்கால் மணியடித்தாற் போன்ற ஓசை காதில் விழுமாயின் அவ்வால்வின் உள்ளுறுப்பு அசைகின்றது. கண்ணாடியின் உட்புறத்து வெள்ளி போல் மின்னும் பூச்சு பால் போல் வெளுத்திருப்பின், காற்று உட்புகுந்து அவ்வால்வு மாண்டதென்க. இவ்விறுதி நிலையில் வால்வை மாற்றுதல் தக்கதே. ஏனெனில் ஈண்டுச் சான்று கண்முன் நிற்கின்றது.

இனிப் பெட்டியைத் திறத்தலைப் பற்றிக் கூறுவோம். இக்கருவிகளுள் 150 முதல் 300 வோல்ட்டு வரை மின்னழுத்தம் நிலவுவது வழக்கம். மின்தொடர்பைக் கழற்றிய பின்னரும் கெப்பாசிட்டர்கள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். விளக்கு அவிந்தது கண்டு கைவைப்போன் உயிருக்கே இறுதி நேரலாம். ஆதலின், தக்க மின்தடையொன்றைக் காப்பிட்ட கவ்விகளால் இணைத்துத் தேங்கிய மின்சாரத்தை வடித்து, அது வடிந்ததென மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்தல் வேண்டும். ஓடும்போது அளக்க நேரின், நிறுத்தி வடித்த நிலையிலேயே கவ்விகளைப் பூட்டி, கையை அகற்றிய பின்னரே மின்சாரம் செலுத்துக.

அளவையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 6080 என்னும் வால்வின் கேதோடிலிருந்து ஹெட்போனுக்கு ஒலி செல்லும் அமைப்பு ஒன்று உண்டு. கேதோடிலுள்ள 3,000 ஓம் தடையின் இரு முனைக்கும் இடையே 90 வோல்ட்டு காணின், ஓம் விதிப்படி 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறதென அறிகின்றோம்; வால்வு தொழில் செய்கின்றது. சுழியே காணின், மேலழுத்தம் வரவில்லையோ, வால்வு மாண்டதோ என இரண்டே வினாக்கள் முதற்கண் எழும். ஓர் அளவையால் ஐயங்கள் பல ஒருங்கே நீங்குதல் காண்க.

இவ்வமைப்பில் அந்த 90 வோல்ட்டுக்கும் கேட்போன் காதிலுள்ள ஹெட்போனுக்கும் இடையே காவல் நிற்பது ஒரே கெப்பாசிட்டர். அது கசியுமாயின் புதிய வால்வு பத்து வாங்கினும் பயன் என்? ஆகவே ஹெட்போனை முதலிற் கழற்றிவிட்டு, கருவி சூடேறி அமைந்த பின்னர், ஒலி வெளிவரும் முனையில் நேர்மின்னழுத்தம் உண்டோ என அளத்தல் வேண்டும். அங்கே ஏறத்தாழச் சுழியே காணத்தக்கது. அஃதன்றி வேறு காணின், பழுது நீங்கும்வரை அக்கருவியைச் செவிக்கு அருகே கொணர்தல் ஆகாது.

இவையெல்லாம் தொழிலறிந்தார்க்கு உரியன, மாணவர்க்கு ஏன் எனின், அக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. அளக்கும் கருவியும் அதனை ஆளும் பயிற்சியும் இல்லாதார் பெட்டியைத் திறத்தல் ஒருதலையாகத் தகாது. ஆயினும் அவரும் வெளிச்சோதனைகளைச் செய்து முடித்து, இன்ன காதில், இன்ன சுருதியில், இன்ன பொழுதில் குறை தோன்றுகிறதெனத் தெளிவாகக் கூறுவாராயின், பழுதுபார்ப்பவர் வேலை பெரிதும் குறையும். தேவையற்ற உறுப்புகளுக்கு விலை கொடுப்பதும் ஒழியும்.

நோயையும் அதன் முதலையும் நாடிய பின்னரே மருந்து செய்க என்பது வள்ளுவனார் மருத்துவர்க்கு வகுத்த நெறி. அந்நெறி உயிரில்லாக் கருவிக்கும் ஒக்கும். வினவாமல் எதையும் அளவாதீர். அளவாமல் எதையும் மாற்றாதீர். மின்சாரம் வடிந்ததென அறியாமல் எதையும் தொடாதீர். இம்மூன்றனையும் கைக்கொள்வார்க்கு ஒரு சிறு ஆம்ப்ளிபயரே நல்லாசிரியனாகும் என்பது எமது துணிபு.