பத்தா, பதினொன்றா?

அமெரிக்காவில் ஒரு விதி இருக்கிறது. சில வகை ரைபிள்களின் உதிரிபாகங்களில் எத்தனை வெளிநாட்டில் செய்தவை என்று எண்ணச் சொல்கிறது. பத்து வரை இருந்தால் பிரச்சினை இல்லை. பதினொன்று இருந்தால் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை.

இதை எனக்குச் சொன்னது டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகன். அவனுடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் சைகா என்னும் ரஷ்ய ரைபிளைப் பழசாக வாங்கி, கைப்பிடியையும் கட்டையையும் மாற்ற ஆசைப்பட்டார். ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டாராம். "மாமா, நீங்க ரூல்லயே வாழ்க்கையை ஓட்டினவராச்சே, இது என்ன கணக்கு?" என்று போனில் கேட்டான். சில நாள் தேடிப் படித்தேன். படித்ததும் ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டது. வயதானால் அதுதான் சீக்கிரம் வருகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வேட்டை, குறிபார்த்துச் சுடும் போட்டி போன்ற விளையாட்டுக் காரியங்களுக்கு ஏற்ற துப்பாக்கிகளை மட்டுமே இறக்குமதி செய்யலாம் என்றது. 1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒருவன் சீனாவில் செய்த ரைபிளோடு பள்ளி மைதானத்தில் புகுந்து ஐந்து பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றான். முப்பது பேர் போலக் காயப்பட்டார்கள். பெரும்பாலும் கம்போடியா, வியட்நாமிலிருந்து அகதிகளாய் வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களுக்கு இது நடந்தது. அந்த வருடமே மூத்த புஷ்ஷின் அரசு 43 வகை ரைபிள்களின் இறக்குமதியை நிறுத்தியது.

ஆனால் துப்பாக்கியாக வராதது உதிரிபாகமாக வரலாமே. அந்த ஓட்டையை அடைக்க 1990-இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: இறக்குமதிக்குத் தடையான ரைபிளை, வெளிநாட்டு உதிரிபாகங்களைக் கொண்டு உள்நாட்டில் பூட்டவும் கூடாது. சரி, எத்தனை பாகம் இருந்தால் அது வெளிநாட்டு ரைபிள்? அதற்காக 20 பாகங்களின் பட்டியல் ஒன்று போட்டார்கள். குழல், விசை, சுத்தி, கட்டை, கைப்பிடி, முன்பிடி என்று போகிறது. இதில் வெளிநாட்டுச் சரக்கு பத்துக்கு மேல் போகக்கூடாது.

இனிதான் வேடிக்கை. அந்த நண்பரின் சைகா வேட்டைத் துப்பாக்கி வடிவத்தில் வந்தது. அப்படியே வைத்திருந்தால் எல்லாப் பாகமும் ரஷ்யாவில் செய்ததாக இருக்கலாம், யாரும் எண்ண வேண்டியதில்லை. ராணுவ ரைபிள் மாதிரி ஒரு கைப்பிடி வைத்த நிமிடத்தில் அது விளையாட்டுத் துப்பாக்கி இல்லை என்றாகி, எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது. அப்போது நன்றாக வேலை செய்கிற ரஷ்ய விசையையும் சுத்தியையும் கழற்றிவிட்டு அமெரிக்காவில் செய்ததை வாங்கிப் பூட்ட வேண்டும். தோட்டா போடும் மேகசின் மட்டும் மூன்று பாகமாகக் கணக்கு: கூடு, உள்ளே தோட்டாவைத் தள்ளும் தட்டு, அடிமூடி. ஆகவே உள்ளூர் மேகசினைச் செருகினால் சட்டப்படி சரியாக இருக்கும் ரைபிள், ரஷ்ய மேகசினைச் செருகினால் குற்றமாகலாம். இரண்டிலிருந்தும் வருகிற குண்டு ஒன்றுதான்.

நான் கலெக்டர் ஆபீசில் சில வருடம் படைக்கல உரிமப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். நிலக்காரர்களின் இரட்டைக் குழல் துப்பாக்கி, பாங்க் காவலாளியின் துப்பாக்கி, தேர்தல் வந்தால் எல்லாவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது என்று பார்த்தவன். எண்ணிக்கையைக் கேலி செய்யும் ஆள் நானில்லை. எண்ணக்கூடிய விதி ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றாக இருக்கும். 'ஏற்றது', 'நியாயமானது' என்று எழுதிய விதி, யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் முகத்தைப் பொறுத்துப் போகும். இதை நாற்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனால் எண்ணுவது எதை என்று ஒரு கேள்வி இருக்கிறது அல்லவா?

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் இந்தியாவில் .450 அளவுத் துப்பாக்கிகளைத் தனியாருக்குத் தடுத்தான். பழைய மார்டினி-ஹென்றி ராணுவ ரைபிளும் அதே அளவு. வேட்டைக்காரனின் தோட்டாவும் குண்டும் கலகக்காரன் கைக்குப் போய் அதில் பயன்பட்டுவிடுமோ என்று பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470 என்று மயிரிழை பெரிதாகப் புது அளவுகளைக் கொண்டுவந்தன. சுடப்பட்ட யானைக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ராணுவத்தின் .303 அளவும் தனியாருக்குக் கிடையாது என்பதால்தான் நம் இஷாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்கு .315 ரைபிள் செய்து விற்றது. உரிமப் பதிவேட்டில் '.315' என்று எழுதும்போது இந்த அளவு எங்கிருந்து முளைத்தது என்று யோசிப்பேன். காரணம் அதுதான்.

பிரான்சிலும் இதே கதை. 1939 ஏப்ரலில் போட்ட ஆணைச் சட்டத்தில் 'கலிபர் தெ கேர்', அதாவது யுத்த அளவு, என்று ஒரு பிரிவு இருந்தது. ராணுவத் தோட்டா போகும் துப்பாக்கியை வைத்திருக்கக் கடுமையான கட்டுப்பாடு. ஆகவே ஜெர்மன் மவுசரைக் கொஞ்சம் நீளமான தோட்டாவுக்குக் கடைந்தார்கள். பிரெஞ்சுப் படையின் மாஸ் 36 ரைபிளுக்கென்று 7 மில்லிமீட்டரில் தனித் தோட்டாவே உண்டாக்கினார்கள். எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா, அல்ஜீரியாவில் இருந்துவிட்டு வந்தவர், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நான் தூக்கிச் சுமந்த அதே துப்பாக்கி, ஓட்டையை மாத்தினா சாதுவாயிடுமா?" என்பார்.

அவர் சிரித்ததில் பாதி நியாயம்தான். ஓட்டையை மாற்றினால் துப்பாக்கி சாதுவாகாது, ஆனால் பட்டாளத்துக் கிடங்கில் திருடிய தோட்டா அதில் போகாது. வெள்ளைக்காரன் விதியிலும் பிரெஞ்சுக்காரன் விதியிலும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அளந்ததற்கும் பயந்ததற்கும் ஒரு சம்பந்தம் இருந்தது. பயம் பழசானதும் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கைவிட்டார்கள். 2012-இல் போட்ட புதுச் சட்டம் 2013 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது யுத்த அளவு என்ற பேச்சு போய்விட்டது. துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது, ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேண்டுமா, தானாகவே அடுத்த தோட்டா ஏறுமா, ஏறினால் எத்தனை ஏறும் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். ஒரு ஆபத்தான சாமானைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி.

அமெரிக்கப் பட்டியல் அதைக் கேட்கவில்லை. சுத்தி எந்த ஊரில் செய்தது என்று கேட்கிறது. பதினொன்று பத்தானால் யார் உயிருக்கு என்ன பாதுகாப்பு? லாபம் விசையும் சுத்தியும் செய்கிற உள்ளூர்ப் பட்டறைக்கு. இதற்கும் ஒரு பழைய வாடை உண்டு. 1958-இல் மாசசூசெட்ஸ் செனட்டர் ஒருவர், வெளிநாட்டு ராணுவங்கள் கழித்துவிட்ட துப்பாக்கிகள் இறக்குமதியாவதைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அவர் மாநிலத்தில் துப்பாக்கித் தொழிற்சாலைகள் இருந்தன, மலிவுச் சரக்கு வந்து வயிற்றில் அடித்தது. கேட்டபடி முழுசாக நிறைவேறவில்லை. ஐந்து வருடம் கழித்து, தபாலில் வாங்கிய ஓர் இத்தாலிய ராணுவ ரைபிளால் சுடப்பட்டு அவர் இறந்தார். ஜான் கென்னடி. 1968 சட்டத்துக்குள் தொழில் பாதுகாப்பும் உயிர்ப் பாதுகாப்பும் சேர்ந்தே நுழைந்தன. இன்றுவரை பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சு ஆசிரியர் 'லெத்ர்' என்றும் 'எஸ்ப்ரி' என்றும் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார். சட்டத்தின் எழுத்து, சட்டத்தின் ஆவி. (தமிழில் சொன்னால் பேய்க்கதை மாதிரி ஆகிவிடுகிறது.) அந்த டெக்சாஸ் நண்பர் எழுத்தை ஒரு புள்ளி விடாமல் காப்பாற்றுகிறார். அமெரிக்க விசை, அமெரிக்கக் கட்டை, அமெரிக்க மேகசின் எல்லாவற்றுக்கும் ரசீதை ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒழுங்கான மனிதர். ஸ்டாக்டனில் புகுந்தவன் மாதிரி ஆள் உறையில் ரசீது வைத்திருப்பானா?

உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சுங்க வரி போடட்டும், அது நேர்மையான வழி. பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் துப்பாக்கி நிமிடத்துக்கு எத்தனை தடவை சுடும், அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்கட்டும். அங்கே அதைச் சட்டமாக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். 1994-இல் நாடு முழுவதற்கும் ஒரு தடை கொண்டுவந்து, பத்து வருடத்தில் காலாவதியாக விட்டுவிட்டார்கள். 1990 பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

2014-இல் ரஷ்யக் கம்பெனி மீது அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டதும் சைகா வருவது நின்றுபோனது. இப்போது அதே குடும்பத்து ரைபிளை புளோரிடாவிலும் வெர்மான்ட்டிலும் செய்கிறார்கள். எல்லாம் உள்ளூர்ப் பாகம் என்றால் எண்ண வேண்டிய தேவையே இல்லை. தங்கை மகனிடம் இதைச் சொன்னேன். "அப்ப அவர் அதையே வாங்கியிருக்கலாமே மாமா" என்றான்.