கடன் தீர்ந்த பின்னும் சுங்கமா?

மதுரைச் சுற்றுச்சாலையைப் பல ஆண்டுகள் பொது நிதியியல் வகுப்பில் எடுத்துக்காட்டாகக் கூறியிருக்கிறேன். உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர். கடன் வாங்கிச் சாலை அமைத்த மாநகராட்சி, அதிக வட்டிச் சுமையைக் குறைக்க 2001-இல் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, சுங்க வருவாயை நம்பி. நகருக்குள் நுழையாமல் விலகிச் செல்லும் லாரி செலவை ஏற்றது. நகரவாசிக்கு நெரிசல் குறைந்தது. நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால், கடனுக்குத் தவணை முடியும், சுங்கத்துக்கு? தேசிய நெடுஞ்சாலைகளில் முதலீடு மீண்டபின் கட்டணம் 40 விழுக்காடாகக் குறைய வேண்டும் என்றிருந்த விதியை 2023-இல் திருத்தி, முழுக் கட்டணமும் தொடர வழிசெய்துவிட்டார்கள். மாநிலப் புறவழிச்சாலைகளும் அதே வழியில் போகுமோ என்பதே என் கவலை. பராமரிப்புக்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. அதற்கு எவ்வளவு, மீதி எங்கே என்பதைச் சுங்கச்சாவடிக் கட்டணப் பலகையிலேயே எழுதி வைக்கட்டும்.