ஆக்சிடெண்ட் ஆன டிரைவருக்கு வண்டி கொடுக்கலாமா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி ஓனர்களோடு பேசிக்கொண்டிருந்தால் இரண்டு பேச்சு அடுத்தடுத்து வரும். "டிரைவரே கிடைக்கறதில்லைங்க, வண்டி ஷெட்டுல நிக்குது" என்பது ஒன்று. "அவனா? பெரிய ஆக்சிடெண்ட் ஆனவனாச்சே, வேண்டாமுங்க" என்பது மற்றொன்று. குஜராத்துக்கும் அசாமுக்கும் வருடக்கணக்கில் லோடு கொண்டுபோன மனிதர் இருக்கிறார். கால் எலும்பு கூடிவிட்டது, லைசென்ஸும் கையில் இருக்கிறது. ஆனாலும் ஷெட் ஷெட்டாக அலைந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புகிறார். அந்த இரண்டாவது பேச்சுக்குச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை நிற்காது.

அதிகம் சொல்லப்படுவது இன்சூரன்ஸ். "அவனை ஏத்தினா நாளைக்கு ஏதாவதுன்னா கம்பெனி கைவிரிச்சுடும்" என்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வண்டி ஓட்டியவரிடம் முறையான லைசென்ஸ் இல்லை, அல்லது அவர் தகுதியிழப்புச் செய்யப்பட்டு அந்தக் காலம் முடியாமல் இருக்கிறது, அல்லது குடித்துவிட்டு ஓட்டினார் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் காரணம் காட்டலாம். தகுதியிழப்புக் காலம் முடிந்து லைசென்ஸ் செல்லுபடியானபின், முன்பு ஒரு விபத்து நடந்தது என்பதை மட்டும் வைத்து மூன்றாம் நபருக்கான பொறுப்பை அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. பிரீமியம் ஏறும் என்ற பயமும் அப்படித்தான். சரக்கு லாரிக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு வண்டியின் மொத்த எடையை வைத்து நிர்ணயிக்கிறது. டிரைவரின் பழைய கதை அந்தக் கணக்கில் இல்லை. கிளெய்ம் வாங்கியதால் போனஸ் போனது என்றால், அது அந்த வண்டியின் ஓனருக்கு ஏற்கெனவே போனதுதான். புதிதாக வேலை கொடுப்பவரின் பாலிசியை அது தொடாது.

அடுத்தது, "கேஸ் அவன் மேலதானே இருக்கு?" லாரியும் பைக்கும் மோதினால் முதலில் லாரி டிரைவர் மேல்தான் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், இதே வாதத்தைச் சொல்லும் ஓனருக்கும் தெரியும். எஃப்.ஐ.ஆரோடு விசாரணை தொடங்குகிறது, அவ்வளவுதான். 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபின், கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்துவதற்கான அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக ஏறியிருக்கிறது. பயம் கூடியிருப்பது நியாயம். ஆனால் தீர்ப்பு வர வருடங்கள் ஆகும். அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும்? லைசென்ஸை முடக்கவேண்டுமா என்று முடிவுசெய்ய ஆர்.டி.ஓ. இருக்கிறார். அவர்கூட டிரைவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்ட பிறகே முடக்கலாம். முடக்கிய லைசென்ஸைத் திரும்பப் பெறப் புத்தாக்கப் பயிற்சி முடிக்கவேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. தவறு செய்தவரும் பயிற்சி முடித்துத் திரும்பலாம் என்று சட்டமே ஏற்கிறது.

"ஒருவாட்டி அடிச்சவன் மறுபடி அடிப்பான்" என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் வாதம். எதனால் அடித்தது என்று யாரும் கேட்பதில்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. ஐந்து பேராவது வேலைசெய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களிடம் வேலைசெய்யும் ஏராளமான டிரைவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒற்றை ஆள், கிளீனரும் இல்லை, டிரிப் கணக்கில் படி. சொன்ன நேரத்துக்கு லோடு இறங்காவிட்டால் வாடகையில் பிடித்தம். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் செருகிய அந்த நொடிக்கு டிரைவர் ஒருவர் மட்டுமா பொறுப்பு? அவரை இறக்கிவிட்டு அதே வண்டியில், அதே லைனில், அதே அவசரத்தோடு வேறொருவரை ஏற்றினால் என்ன மாறியது? குடித்துவிட்டு ஓட்டியவரையும், திரும்பத் திரும்ப வேகத்தால் அடித்தவரையும் நான் இங்கே காப்பாற்ற வரவில்லை. அவர்களைத் தள்ளிவைப்பது சரிதான்.

உடம்பைப் பற்றிய சந்தேகத்துக்கு மதிப்பு உண்டு. தலையில் அடிபட்டு வலிப்பு வருகிறவர் ஓட்டவே கூடாது. அதில் இரக்கத்துக்கு இடமில்லை. ஆனால் இடது காலில் பிளேட் வைத்தவரும் அவரும் ஒன்றல்ல. கிளட்சை நாள் முழுக்க மிதிக்க முடிகிறதா, கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறதா, பார்வை சரியா என்பதையெல்லாம் டாக்டர் பரிசோதித்து எழுதித் தரத்தான் படிவம் 1-ஏ இருக்கிறது. கிளட்ச் பெடலே இல்லாத ஏ.எம்.டி. லாரிகளும் இப்போது ஓடுகின்றன. மனசும் அப்படித்தான். எதிர் வண்டியின் ஹெட்லைட் பட்டதும் கை நடுங்குகிறது, தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்கிறது என்பவர்கள் உண்டு. அது சிகிச்சையால் சரியாகக்கூடியது, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. கைராசி இல்லை, வண்டிக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்லவேண்டும்: ஒரு குடும்பத்தின் சோற்றை ராசி பார்த்து நிறுத்தாதீர்கள்.

"நஷ்டஈடு வாங்கியிருப்பானே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தவறு தன் பக்கம் என்றால் டிரைவருக்குப் பெரும்பாலும் தொழிலாளர் இழப்பீட்டு வழிதான் மிச்சம். அங்கே 2020இல் வைத்த வரம்புப்படி, மாதம் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. வேலை பார்த்ததற்கே ஒரு துண்டுச் சீட்டு இல்லாதவர்கள்தான் அதிகம். இடது கையை இழந்தவருக்கு உடல் ஊனம் 60 சதவீதம் என்று மதிப்பிட்டாலும், அவர் டிரைவராக இருந்தால் வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியது. இருந்தும் கோர்ட்டில் எதிர்த்தரப்பு, "இவர் இன்னும் ஓட்டலாம், இழப்பு குறைவு" என்று வாதாடுகிறது. ஷெட்டில் ஓனர், "இவன் இனி ஓட்டக்கூடாது" என்கிறார். இரண்டும் ஒரே மனிதரின் தலையில் விழுகின்றன.

கதவை மொத்தமாக அடைப்பதால் ரோடு பத்திரமாவதும் இல்லை. விபத்தைச் சொன்னால் வேலை இல்லை என்று தெரிந்தவர் அடுத்த ஊரில் அதை மறைப்பார். கால் வலியையும் தூக்கமின்மையையும் சேர்த்தே மறைப்பார். கிடைப்பதோ யாரும் ஏறாத பழைய வண்டியும் குறைந்த படியும் ராத்திரி லோடும்தான். உண்மையைச் சொல்லி வருகிறவரிடம் ஓனர் கேட்கவேண்டியவை வேறு. லைசென்ஸை அரசின் பரிவாகன் தளத்தில் பார்க்கட்டும், 1-ஏ கேட்கட்டும், விபத்து எப்படி நடந்தது என்று உட்கார்ந்து விசாரிக்கட்டும். முதல் சில டிரிப்புக்குக் கூட ஒரு டிரைவரை அனுப்பி, பகலில், சேலம்–கோயம்புத்தூர் மாதிரிக் கிட்ட லோடு கொடுத்துப் பார்க்கட்டும். அதில் அவர் தடுமாறினால் வேண்டாம் என்று சொல்லலாம். அந்தப் பதிலை அந்த டிரைவரே ஏற்றுக்கொள்வார்.