கதவைச் சாத்தும் விதம்

மனநல ஆலோசகரிடம் போவதை ஊருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் புனேயில் தளர்ந்து வருகிறது. கோத்ரூட்டிலும் ஔந்திலும் படித்த குடும்பங்கள் 'கவுன்சிலிங்' என்ற சொல்லைக் கூச்சமின்றி உச்சரிக்கின்றன. ஆனால் அந்த உறவு கசந்துபோனால் ஆலோசகர் எப்படி விலகவேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை.

கசந்துபோவது உண்டு. நடுராத்திரியில் பத்துத் தடவை போன் செய்வார். வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் வந்து நிற்பார். "நீங்களும் கைவிட்டால் உயிரோடு இருக்கமாட்டேன்" என்பார். ஒரு வாரம் காதல் என்பார். மறுவாரம் போலீசில் புகார் தருவேன் என்பார். ஆலோசகரும் மனிதர்தான். பயமும் சலிப்பும் அவருக்கும் வரும். தன்னால் இவருக்குப் பயனில்லை என்று தெரிந்த பிறகும் வாராவாரம் உட்காரவைத்துக் கட்டணம் வாங்குவதைவிட விலகுவதே நேர்மை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்க விதிகளும் இதையே சொல்கின்றன: பயனில்லையென்றால் முடித்துக்கொள்ள வேண்டும்; மிரட்டப்பட்டால் முடித்துக்கொள்ளலாம்.

சிக்கல், விலகும் விதத்தில் இருக்கிறது. போனை எடுக்காமல் இருப்பது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது, தானாக நின்றுவிடுவார் என்று கட்டணத்தை ஏற்றுவது, எல்லாமே கோழைத்தனம். கைவிடப்படுவோம் என்ற பயத்தோடுதான் பலர் அந்த அறைக்கே வருகிறார்கள். அந்தப் பயம் சரிதான் என்று நிரூபிக்க ஓர் ஆலோசகர் எதற்கு?

பேசியே குணப்படுத்தும் முறையின் முதல் கதையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. வியன்னாவில் டாக்டர் ஜோசப் ப்ராயர், 'அன்னா ஓ.' என்று பின்னர் புகழ்பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைமுக்கு 1880 முதல் 1882 வரை சிகிச்சை அளித்தார். அவள் தன்மீது கொண்ட ஈடுபாட்டைக் கண்டு பயந்து அவர் ஓடிவிட்டார் என்பது ஃப்ராய்டு வழியாகப் பரவிய கதை. 1972-ல் ஆய்வாளர் எல்லன்பெர்கர் வெளியிட்ட ஆவணங்கள் வேறு விதமாகப் பேசின. ப்ராயர் அவளை ஸ்விட்சர்லாந்தில் ஒரு சானடோரியத்துக்கு அனுப்பியிருக்கிறார். அங்குள்ள மருத்துவருக்கு விரிவான குறிப்பும் எழுதியிருக்கிறார். ஓடியவர் இப்படியெல்லாம் மெனக்கெடுவாரா? பெர்த்தா பின்னாளில் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார் என்பது உபரித் தகவல்.

புனேக்கு இதில் ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரைவுக்கு உதவியவர்களில் முக்கியமானவர், இங்குள்ள இந்தியன் லா சொசைட்டியின் மனநலச் சட்ட மையத்தைச் சேர்ந்த டாக்டர் சௌமித்ர பதாரே. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவர் வேறொரு மருத்துவரின் பொறுப்புக்கு மாறும்போது, அவரையும் கலந்து பேசி மேற்கொண்டு என்ன சிகிச்சை என்று திட்டமிட வேண்டும் என்கிறது அதன் 98-வது பிரிவு. மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுக்க விதிகளும், போதிய முன்னறிவிப்பின்றி நோயாளியை விட்டு விலகக்கூடாது என்கின்றன. (குடும்பத்துக்கும் அறிவிக்கச் சொல்கிறது அந்த விதி. புருஷனுக்குத் தெரியாமல் வரும் பெண்ணின் விஷயத்தில் இது விபரீதம். ரகசியம் காக்கப்படுவதை 2017 சட்டம் அவளுடைய உரிமையாக்கியிருக்கிறது.)

இவை மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு அறையும் இரண்டு நாற்காலியுமாகத் தொழில் நடத்துபவரை எது கட்டுப்படுத்தும்? மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021-ம் ஆண்டுச் சட்டம் ஆலோசகர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பட்டியலில் பெயர் ஏறுவது சுலபம். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைக் கண்காணிப்பது அப்படியல்ல.

வேலைக்காகப் புனே வந்த தமிழர்களின் பாடு இன்னும் கஷ்டம். தெரிந்த மராத்தியில் காய்கறி வாங்கலாம். அம்மாமீது இருபது வருடமாகத் தேங்கிய கோபத்தைச் சொல்லமுடியாது. தமிழ் தெரிந்த ஆலோசகர் ஒருவர் அபூர்வமாகக் கிடைத்து, அவரும் விலகும்போது "வேறு யாரையாவது பாருங்கள்" என்றால் எங்கே போவது? யாரை என்று பெயர் சொல்லவேண்டும். அவரிடம் இடமிருக்கிறதா என்று முன்னதாகவே விசாரித்திருக்க வேண்டும். வருபவர் சம்மதித்தால் குறிப்புகளையும் அனுப்பவேண்டும். ஏன் முடிக்கிறோம் என்பதை நேரில் சொல்லி, அதற்கு அவர் அழவும் திட்டவும் இரண்டு மூன்று அமர்வுகளாவது ஒதுக்கவேண்டும். தற்கொலை எண்ணம் உள்ளவரை இன்னொருவர் பொறுப்பேற்கும்வரை விடவே கூடாது. இடைப்பட்ட இரவுகளுக்கு, தமிழிலும் பேசும் அரசின் டெலிமானஸ் எண் 14416-ஐ அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

வாசலில் வந்து மிரட்டுபவருக்கு மட்டும் கடைசி அமர்வு கட்டாயமில்லை. அவருக்கு ஒரு கடிதம் போதும். ஆனால் அதிலும் அடுத்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கவேண்டும்.