‘தெரியாது’ எண்டு சொல்லவும் ஒரு இடம் வேணும்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பொட்வின் என்றொரு சின்ன ஊர். அதற்குக் கிட்ட இருக்கிற ஒரு பண்ணை வீட்டுக்குப் பத்து வருசமளவாக ஆக்கள் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். எஃப்பிஐ வந்தது, வரி அதிகாரிகள் வந்தார்கள், அம்புலன்ஸ் வந்தது, வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகளைத் தேடிப் பொலிஸ் வந்தது. அங்க குடியிருந்தவர்கள் செய்த ஒரே பிழை அந்த இடத்தில் இருந்ததுதான்.

மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், ஒரு ஐபி முகவரி எந்த இடத்துக்குரியது எண்டு சொல்லும் தரவுத்தளத்தை விற்கிறது. ஒரு முகவரி அமெரிக்காவில் இருக்கு, அதுக்கு மேல ஒண்டும் தெரியாது என்றால், நாட்டின் நடுப்பகுதி என்று 38, -97 என்ற புள்ளியைக் கொடுத்தார்கள். அந்தப் புள்ளி விழுந்தது இந்தப் பண்ணையில். 60 கோடிக்கு மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த ஒரு வளவுக்குள் இருப்பதாகக் காட்டின. 2016இல் கஷ்மீர் ஹில் என்ற ஊடகவியலாளர் இதை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் நிறுவனம் அந்தப் புள்ளியை ஒரு ஏரிக்குள் மாற்றியது.

இது கணக்குப் பிழை இல்லை. ‘தெரியாது’ என்ற விடையை ஒரு துல்லியமான எண்ணாக எழுதியதால் வந்த வினை.

இப்ப ஏன் இந்தப் பழைய கதை? ஆயிரம் ஐபி முகவரிகளை ஒரே தடவையில் கொடுத்தால் நாடு, நகரம், அகலாங்கு, நெட்டாங்கு எல்லாம் திருப்பித் தரும் கருவிகளை இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளின் கையில் கொடுக்கிறார்கள். ஏஜென்ட்டுக்கு அந்தக் கருவியைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி, அதோட சேர்த்து எழுதிக் கொடுக்கிற விளக்கக் குறிப்புத்தான். பொட்வினில் மனிசரே ஏமாந்தார்கள். ஆனாலும் கதவைத் தட்டின ஆள் வயலைப் பார்த்து ஒருக்கா யோசிக்க வழி இருந்தது. ஆயிரம் வரிகளை வாசித்து அடுத்த நொடியே கணக்குகளை முடக்கப் போகிற ஏஜென்ட் எந்த வயலையும் பார்க்காது. அதனால் சந்தேகத்தைக் குறிப்பிலேயே எழுதி வைக்க வேணும் என்பதுதான் என் வாதம்.

எதை எழுத வேணும்? முதலாவது, வருகிற விடை வலையமைப்பைப் பற்றிய ஊகம், ஒருவரின் வீட்டு விலாசம் இல்லை. மேக்ஸ்மைண்ட் இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை கிலோமீற்றர் சுற்றளவுக்குள் இருக்கலாம் என்று ஒரு எண்ணையும் தருகிறது. அந்த எண்ணைச் சொல்லாமல் நகரத்தின் பெயரை மட்டும் சொல்லாதே என்று குறிப்பில் இருக்க வேணும். இரண்டாவது, தெரியாத இடம் வெறுமையாகவே வரவேணும், அந்த வெறுமையை ஊகித்து நிரப்பாதே என்றும் எழுத வேணும். வீட்டு ரவுட்டர் கொடுக்கிற 192.168 என்று தொடங்கும் முகவரிகளுக்கு இடமே கிடையாது. மூன்றாவது, ஆயிரத்தில் நாற்பது தவறினால் எந்த நாற்பது என்று சொல்ல வேணும். சத்தமில்லாமல் விட்டால் வரிசை இடம் மாறி, ஒருத்தரின் இடம் இன்னொருத்தரின் தலையில் விழும்.

இது எங்களுக்கும் தூரத்துக் கதை இல்லை. மொபைல் டேட்டாவில் கனக்கப் பேர் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து இணையத்துக்குப் போகிற ஆளைக் கருவி கொழும்பில் காட்டலாம். பதிவில் கிளிநொச்சி, ஐபியில் கொழும்பு, ஆகவே சந்தேகத்துக்குரியவர் என்று ஒரு ஏஜென்ட் முடிவெடுத்தால், கடன் விண்ணப்பமோ வேலை விண்ணப்பமோ தட்டுப்படப் போவது எங்கட ஆக்களுக்குத்தான். ஏன் தட்டுப்பட்டது என்று ஒருவரும் சொல்லப் போவதும் இல்லை.

குறிப்பு நீண்டால் ஏஜென்ட் குழம்பும், சுருக்கமாக எழுது என்று தொழில்நுட்ப ஆக்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் சுருக்கும்போது முதலில் வெட்ட வேண்டியது ‘உலகத்தரம்’, ‘மின்னல் வேகம்’ போன்ற விளம்பர வார்த்தைகளை. நடைமுறையில் முதலில் வெட்டுப்படுவது எச்சரிக்கைகள்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ‘கொழும்பில் இருக்கிறார்’ என்பதற்கும் ‘கொழும்பில் இருக்கலாம்’ என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று மொழி படிக்கிற எங்களுக்குத் தெரியும். திறந்த மூலக் கருவிகள் பலவற்றின் குறிப்புகளுக்கு யாரும் திருத்தம் அனுப்பலாம், கோடிங் தெரிய வேண்டியதில்லை. கம்பஸில் கட்டுரை திருத்துகிற அதே கண்ணோட ஒரு கருவியின் குறிப்பை வாசித்துப் பாருங்கள். ‘இருக்கிறார்’ என்று உறுதியாக எழுதின இடத்தில் ‘இருக்கலாம்’ வர வேண்டுமா என்று கேளுங்கள். வர வேண்டுமென்றால் திருத்தி அனுப்புங்கள்.